ஆபரேஷன் கெட்டுப்போன பிறகும் பல டாக்டர்களின் லைசென்ஸ் ஏன் ரத்தாவதில்லை?

நான் பொது அறுவை சிகிச்சை நிபுணர். டாக்டர்களைப் பதிவுசெய்து லைசென்ஸைக் கண்காணிக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கு வரும் புகார்களில் கேஸ் ஷீட்டைப் படித்து, சிகிச்சை தரமாக இருந்ததா என்று கருத்து எழுதித் தரும் வேலையும் அவ்வப்போது என்னிடம் வரும். பார்த்தவரையில், ஒரேயொரு ஆபரேஷன் கெட்டுப்போனதற்காக லைசென்ஸ் பறிபோவது அபூர்வம். அப்படிப் பறிபோனவர்களின் ஃபைலைப் புரட்டினால், ஆபரேஷனுக்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதம்தான் பெரும்பாலும் அவர்களைக் கவிழ்த்திருக்கும்.

லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்த்து, பித்தப்பையை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். பித்தப்பையின் குழாய் என்று நினைத்து, ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது போன்ற பித்தநாளக் காயங்கள், சுமார் 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நடப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. வீங்கி, ஒட்டிக் கிடக்கும் இடத்தில் எது எந்தக் குழாய் என்று அனுபவசாலிக்கே குழம்பும். ஆகவே வெட்டுப்பட்டுவிட்டது என்பதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதமாட்டேன். வெட்டுவதற்கு முன் பித்தப்பைக்குள் போவது ஒரு குழாய், ஒரு தமனி, இரண்டே இரண்டுதான் என்று பிரித்துப் பார்த்தாரா? தெளிவாகத் தெரியாதபோது நிறுத்தி, இன்னொரு சர்ஜனைக் கூப்பிட்டாரா? மறுநாள் வயிறு உப்பி, நாடித்துடிப்பு ஏறி, 'டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று நர்ஸ் எழுதியிருக்கும் இரவில் யார் வந்து பார்த்தார்கள்? பலர் மாட்டுவது இந்தக் கடைசிக் கேள்வியில்.

ஒரு ஃபைல் மறக்கவில்லை. ஆபரேஷன் நோட்ஸ் மொத்தமே நான்கு வரி, முடிவில் 'சிக்கலின்றி முடிந்தது'. அடுத்த தாளில் மயக்க மருத்துவரின் சார்ட். அதில் ரத்த அழுத்தம் சரிந்ததும், அவசரமாக ரத்தம் ஏற்றியதும் நேரத்தோடு பதிவாகியிருந்தன. இப்படி ஒன்று அகப்பட்டால் கைத்திறன் பற்றிய பேச்சு ஓரம்போய், விசாரணை நேர்மைப் பக்கம் திரும்பிவிடும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சை வழக்கைப் பாருங்கள். அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலான ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் ஆராய்ந்தது 53 ஆபரேஷன்கள். அவற்றில் 29 குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருத்துவர் முன்பே எச்சரித்தும் ஆபரேஷன்கள் தொடர்ந்தன. 1998-இல் ஜேம்ஸ் விஷார்ட் என்ற சர்ஜனின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இன்னொரு சர்ஜனுக்குக் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்ய 3 ஆண்டுத் தடை. கத்தியையே தொடாத ஜான் ராய்லன்ஸின் பெயரும் நீக்கப்பட்டது. அவர் மருத்துவமனையின் தலைமை நிர்வாகி, படிப்பால் டாக்டர். எச்சரிக்கை வந்தும் தடுக்கவில்லை என்பதுதான் அவர்மீதான குற்றம்.

கவுன்சில் நஷ்டஈடு தராது, ஜெயிலுக்கும் அனுப்பாது. அதெல்லாம் கோர்ட் வேலை. எச்சரிக்கை, நிபந்தனை, சஸ்பென்ஷன், பெயர் நீக்கம் இவைதான் அதன் கையில் இருப்பவை. இனி இவரிடம் நோயாளிகளை விடலாமா என்பதுதான் அதன் பிரதான கேள்வி. தவறை ஒப்புக்கொண்டு மறுபயிற்சிக்குப் போனவருக்கு நிபந்தனையோடு முடிவதைப் பார்த்து, பாதிக்கப்பட்ட குடும்பம் கொதித்துப்போவதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் என் கோபம் வேறொரு இடத்தில். கவுன்சிலின் காதுக்கே போகாத கேஸ்கள்! ஆபரேஷனில் பல நோயாளிகளை முடமாக்கிய, அமெரிக்காவின் டெக்ஸாஸைச் சேர்ந்த நரம்பியல் சர்ஜன் கிறிஸ்டோபர் டன்ட்ச் ஒரு மருத்துவமனையிலிருந்து ராஜினாமா செய்து அடுத்ததில் சேர முடிந்தது. டாக்டர்கள்மீதான நடவடிக்கைகளைப் பதிவுசெய்ய அமெரிக்காவில் 1990 முதலே தேசியத் தரவு வங்கி இயங்குகிறது. இருந்தும் அந்த முதல் மருத்துவமனை அதில் புகார் பதியவில்லை. அவரது லைசென்ஸ் 2013-இல்தான் நிறுத்தப்பட்டது. 2017-இல் ஆயுள் தண்டனை. 'நீங்களாகவே போய்விடுங்கள்' என்று சத்தமில்லாமல் அனுப்பிவைக்கும் நிர்வாகிகளையும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பேன்.

புகார் கொடுப்பதாக இருந்தால் முதலில் முழு கேஸ் ஷீட்டையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸ் நோட்ஸும் மயக்க மருந்து சார்ட்டும் கட்டாயம் இருக்கட்டும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதுங்கள். 'கொலைகாரர்' போன்ற வார்த்தைகளை எடுத்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.