அறையைப் பூட்டும் முன் மாத்திரையின் பெயரைப் பாருங்கள்

கேள்வி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 26 வயது. வேலைக்குப் போகிறேன். தம்பிக்கு 19, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரு மாதத்துக்கு முன் அவன் பையில் கஞ்சாப் பொட்டலம் இருந்ததை அம்மா பார்த்துவிட்டார். "இனி தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்தான். போன வாரம் அவன் சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. டிரமடால், 100 மில்லிகிராம். அவன் நண்பனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். நான்கைந்து மாதமாகத் தினமும் போடுகிறானாம். சில நாள் ஒரே நேரத்தில் ஐந்து வரை போடுவானாம்.

இளைத்துவிட்டான். விடிய விடிய விழித்திருக்கிறான், வாயைத் திறந்தாலே எரிந்து விழுகிறான். நன்றாகப் படித்த பிள்ளை, இப்போது மூன்று பாடங்களில் தேறவில்லை.

"ஒரு மாதம் அறையில் போட்டுப் பூட்டினால் தானாகத் தெளிந்துவிடுவான்" என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அவனுக்குத் தெரியாமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்யலாமா என்று அம்மா கேட்கிறார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு 13 வயதுத் தங்கை ஒருத்தியும் இருக்கிறாள். நாங்கள் என்ன செய்வது?

பெயர் வேண்டாம்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அப்பாவிடம் பேசுங்கள். பூட்டிவைக்கும் யோசனையை அவர் கைவிட வேண்டும். மகன் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார் என்பது புரிகிறது. ஆனால் இந்த மாத்திரையைப் பொறுத்தவரை அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

டிரமடால் ஓபியாய்டு வகை, அதாவது அபினைப்போல மூளையில் வேலை செய்யும் வலிநிவாரணி. மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஐந்து மாத்திரை போட்ட நாட்களில் உங்கள் தம்பி அந்த எல்லையைத் தாண்டியிருக்கிறான். அந்த அளவில் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது; இதுவரை வலிப்பே வராதவர்களுக்கும் வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாதக்கணக்கில் தினமும் எடுத்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காது. ஒரு நாளுக்குள்ளாகவே மூக்கு ஒழுகும், கொட்டாவி விடாமல் வரும், மயிர் சிலிர்க்கும், கைகால் குடையும். பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். டிரமடால் மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரோடோனின் என்ற இரசாயனத்தையும் தொடுகிற மருந்து என்பதால் சிலருக்குக் கடும் பதற்றமும் குழப்பமும் சேர்ந்துகொள்ளும், இல்லாத குரல்கூடக் கேட்கும். பூட்டிய அறைக்குள் ஒரு பையன் இதைத் தனியாக அனுபவிக்கக் கூடாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது கதவைத் திறந்துவிடும் நாள்தான். ஒரு மாதம் மருந்தில்லாமல் இருந்த உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். வெளியே வந்து, பழைய நினைப்பில் பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தோ சிகிச்சை மையத்திலிருந்தோ வெளிவந்த முதல் இரண்டு வாரங்கள் மிக ஆபத்தானவை என்று சொல்வது இதனால்தான்.

கஞ்சாவை நிறுத்துவது இப்படி உயிரைப் பறிக்காது. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, விசித்திரக் கனவுகள் முதல் வாரத்தில் அதிகமாகி இரண்டு வாரத்தில் பெரும்பாலும் குறையும். தூக்கம் சரியாக மட்டும் இன்னும் சில வாரம் பிடிக்கலாம். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகைகள் நேர்மாறு. டயஸெபாம், அல்பிரஸோலாம் போன்றவற்றைத் தொடர்ந்து எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர்தான் பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உங்களுக்குக் கிடைத்தது ஓர் அட்டைதான். வேறு ஏதாவது கலந்து எடுக்கிறானா, மதுவும் உண்டா என்று அவன் வாயால் தெரிந்துகொள்வது அவசியம்.

அவன் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் சிறுநீர்ப் பரிசோதனை யோசனையை அம்மா விட்டுவிட வேண்டும். தினமும் கஞ்சா புகைத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் சிறுநீரில் தெரியலாம். நேர்மையாக நிறுத்தியவனைப் பொய்யனாக்கிவிடுவீர்கள். வழக்கமான ஓபியம் பரிசோதனைப் பட்டையில் டிரமடால் தெரியாது, எடுப்பவனை யோக்கியனாக்கிவிடுவீர்கள். தனக்குத் தெரியாமல் பரிசோதித்தார்கள் என்று அறிந்தால் அதற்குப் பிறகு வீட்டில் யாரிடமும் பேச மாட்டான்.

பேசப்போவது நீங்களாக இருந்தால் நல்லது. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்தால் அது விசாரணையாகிவிடும். அவன் தெளிவாக இருக்கும் வேளை பார்த்துச் சேர்ந்து நடந்துகொண்டே பேசுங்கள். முகம் பார்க்க வேண்டிய நெருக்கடி இருக்காது. 20 நிமிடம் போதும். "ஏன்டா இப்படிப் பண்றே?" என்று தொடங்கினால் பதில் வராது. "அட்டையைப் பார்த்தேன். திட்ட வரலை. அதைப் போட்டா உனக்கு என்ன கிடைக்குதுன்னு சொல்லு" என்று கேளுங்கள். தூக்கம் வருகிறது, தேர்வு பயம் போகிறது, நாலு பேரோடு கூச்சமில்லாமல் இருக்க முடிகிறது என்று ஏதோ ஒன்று வரும். அதுதான் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முக்கியத் தகவல். அடியில் மனச்சோர்வோ பதற்ற நோயோ கவனக்குறைவுப் பிரச்சினையோ இருந்து, அதற்கு அவனே கண்டுபிடித்த மருந்தாக இது இருக்கலாம். அதைக் கவனிக்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தினால் திரும்பப் போவான்.

அடுத்து, "இதனால உனக்கே பிடிக்காதது என்ன?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அவன் சொல்லும் குறை ஒன்று, நீங்கள் சொல்லும் பத்துக்குச் சமம். முடிவில் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியத்தை மீறிய அவமானத்திலேயே மறைத்து எடுப்பவர்கள் நிறையப் பேர். "ஒரே ஒரு தடவை டாக்டரைப் பார்ப்போம், நானும் வர்றேன்" என்று மட்டும் கேளுங்கள். அதுவரை அவனாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், ஒரே நேரத்தில் சேர்த்துப் போடவும் வேண்டாம், மது கூடவே கூடாது என்று சொல்லிவையுங்கள்.

இந்த அணுகுமுறைக்கு ஆதாரம் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாரை வைத்து அமெரிக்காவில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், சண்டையில்லாமல் பேசவும் குடிக்காத நேரங்களைப் பாராட்டவும் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்கு வரவைத்தார்கள். கூடிநின்று கேள்வி கேட்டு மடக்கும் முறையில் அது 30 சதவீதம்தான்.

மனநல மருத்துவரிடம் போகும்போது அந்தக் காலி அட்டையைக் கொண்டுபோங்கள். பாதி நேரமாவது அவன் தனியாகப் பேசட்டும், வெளியே வந்ததும் "என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம், தேவைப்பட்டால், நிறுத்தும்போது வரும் அவதியைக் குறைக்கும் புப்ரினார்ஃபின் போன்ற மருந்து தரலாம். ஒருமுறை சறுக்கினால் சிகிச்சை தோற்றதாக எண்ண வேண்டாம். எந்த நேரத்தில், யாரோடு, கையில் எவ்வளவு பணம் இருந்தபோது நடந்தது என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அடுத்த கட்டத் திட்டம் அதிலிருந்துதான் பிறக்கும்.

அவசரம் ஒன்றைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கியிருக்கலாம்; உலுக்கினாலும் எழாவிட்டாலோ, உதடு நீலமானாலோ, ஐந்து நொடிக்கு ஒரு மூச்சுகூட வராவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நின்றுவிட்டால் செயற்கைச் சுவாசம் தர வேண்டும். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 'தூங்கித் தெளியட்டும்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். குறட்டைபோலக் கேட்பது மூச்சு அடைபடும் சத்தமாக இருக்கலாம்.

தங்கையைப் பற்றிக் குறிப்பிட்டதற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அண்ணனைக் காட்டிப் பயமுறுத்துவது பலிக்காது. பயமுறுத்தும் வகுப்புகளால் பழக்கம் குறைந்ததாகப் பெரிய ஆதாரம் இல்லை. ஐஸ்லாந்தில் பெற்றோர் பிள்ளைகளோடு செலவிடும் நேரத்தைக் கூட்டினார்கள், இரவில் வெளியே சுற்றும் நேரத்தைக் குறைத்தார்கள், விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது போதையேறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். ஒருமுறையாவது கஞ்சா தொட்டவர்கள் 17-லிருந்து 7 சதவீதமானார்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரைகளை எண்ணிப் பூட்டிவையுங்கள். தேவையில்லாததை மருந்துக்கடையில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். "அண்ணனுக்கு என்ன?" என்று அவள் கேட்டால் மறைக்க வேண்டாம். "ஒரு மாத்திரைக்குப் பழகிட்டான், உடம்பு அது இல்லாம சிரமப்படுது, டாக்டர்கிட்ட காட்டப்போறோம். உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். யாராவது அவளிடம் நீட்டினால் என்ன சொல்லி நகர்வாள் என்பதை இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவையுங்கள். அப்படி ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் எந்த நேரமானாலும் உங்களைக் கூப்பிடலாம், அன்று இரவு எந்தக் கேள்வியும் கேட்க மாட்டீர்கள் என்றும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.