வம்சமா, வயசா, வாழ்க்கைமுறையா?

கோவையில் புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன். நோயாளியிடம் பேசி முடித்த பிறகு, கூட வந்தவர்களில் ஒருவர் மட்டும் கதவோரம் தங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "இது எங்களுக்கும் வருங்களா?" இந்த முறை வந்த கடிதங்களிலும் அந்தக் கேள்விதான் அதிகம். ஆளுக்கு ஆள் பதில் மாறும் என்பதால் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) 55 வயதில் "வயித்துக் கட்டி" என்று இறந்துபோனார். எனக்கு 33. எனக்கும் வந்துவிடுமா? 8 வயது மகளுக்கும் சோதனை செய்ய வேண்டுமா?
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

முதலில் அம்மிச்சிக்கு வந்த கட்டி எந்த உறுப்பில் இருந்தது என்று விசாரியுங்கள். பழைய சீட்டு இருந்தால் தேடிப் பாருங்கள். நம் பக்கம் சினைப்பைப் புற்றுநோயும் வயித்துக் கட்டிதான், குடல் புற்றுநோயும் வயித்துக் கட்டிதான். அது சினைப்பையாக இருந்திருந்தால் உங்கள் குடும்பக் கதையே வேறு மாதிரி ஆகிவிடும்.

புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான் பெற்றோர் வழியாக வந்த மரபணுப் பிழையால் உண்டாகின்றன. மார்பகமும் சினைப்பையும் ஒரே குடும்பத்தில், அதுவும் 50 வயதுக்கு முன்பே வந்தால், பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களைச் சந்தேகிப்போம். 1994, 1995-ல் அடையாளம் காணப்பட்டவை இவை. டி.என்.ஏ.வில் விழும் கிழிசலைத் தைப்பதுதான் இவற்றின் வேலை. பிழையுள்ள பி.ஆர்.சி.ஏ. 1 அல்லது 2 இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் 100 பேருக்குச் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. சினைப்பையில் முதல் மரபணுவுக்குச் சுமார் 44, இரண்டாவதற்கு 17. பயமுறுத்தும் கணக்குதான். ஆனால் பிழையோடு பிறந்தும் நோய் வராமலே வாழ்ந்து முடிப்பவர்களும் இதே கணக்கில் இருக்கிறார்கள்.

சோதனையை உங்களிடம் தொடங்க வேண்டாம் அம்மணி, அம்மாவிடம் தொடங்குங்கள். கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் போதும். அம்மாவிடம் பிழை இருந்தால் அதே பிழை உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் தேடலாம். இருப்பதற்கும் இல்லாததற்கும் சரிபாதி வாய்ப்பு. உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் மகளுக்கும் உங்கள் வழியாக அது போகாது. இருந்தால் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. பார்ப்பதிலிருந்து, பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பையை எடுத்துவிடுவது வரை வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பது மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசி நீங்களே முடிவு செய்ய வேண்டியது. மகளை இப்போது விட்டுவிடுங்கள். 18 வயதுக்கு முன் இந்தச் சோதனை வேண்டியதில்லை.

இதோடு ஒன்று. அத்தைக்கோ அப்பாவின் அம்மாவுக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்தால் "அது அப்பா வழி, நமக்கு ஒட்டாது" என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அப்பாவுக்கு நோய் வராமலே அந்தப் பிழையை மகளுக்குக் கொடுத்துவிட முடியும்.

என் தாத்தா காலத்தில் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. இப்போது தெருவுக்கு ஒருவர். என்ன ஆயிற்று?
*வாசகர், அந்தியூர்*

இந்தியா சுதந்திரம் அடைந்த காலத்தில் ஒருவரின் சராசரி ஆயுள் 32 ஆண்டுகள் போல. இப்போது 70 ஆண்டுகள். காலராவும் காசநோயும் பிரசவமும் கொண்டுபோனவர்கள், புற்றுநோய் வரும் வயதைத் தொடவே இல்லை. வந்தவர்களுக்கும் அது இன்ன நோய் என்று பெயர் வைக்க ஆள் இல்லை.

வயதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? திருப்பூர் பனியன் கம்பெனியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு ஒரு நாளைக்கு முப்பதாயிரம் கோடிக்கும் மேல் புது செல்களைத் தைத்து இறக்குகிறது. ஒவ்வொரு முறையும் 300 கோடி எழுத்துள்ள டி.என்.ஏ. பாடத்தை நகல் எடுக்க வேண்டும். தையல் தப்பத்தான் செய்யும். அதற்குத்தான் செக்கிங் செக்‌ஷன் இருக்கிறது: தப்பைச் சரிசெய்யும் மரபணுக்கள், சரிசெய்ய முடியாத பீஸை ஒதுக்கிவிடும் மரபணுக்கள். ஒரே ஒரு தப்பு புற்றுநோய் ஆவதில்லை. பெரும்பாலான புற்றுநோய்களில் ஒரே செல் வரிசையில் பல தப்புகள் சேர வேண்டும், செக்கிங்கில் இருப்பவரும் அசர வேண்டும். அப்படிச் சேர 30, 40 ஆண்டுகள் பிடிக்கும். புகையிலை, மது, கிருமி, ரசாயனம் எல்லாம் தப்புகளை வேகமாகச் சேர்ப்பவை. மரபணுப் பிழையோடு பிறந்தவர், முதல் தப்பைக் கையில் வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குகிறார். அதனால்தான் அவருக்கு இளம் வயதிலேயே வருகிறது.

சத்தியமங்கலம் காட்டு யானையை யோசித்துப் பாருங்கள். நம்மைவிடப் பல மடங்கு செல்கள், 60 ஆண்டு ஆயுள். கணக்குப்படி யானைகள் புற்றுநோயால் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. செக்கிங் வேலையைச் செய்யும் முக்கிய மரபணுவான டி.பி. 53 நமக்கு ஒரு ஜோடி. யானைக்கு 20 ஜோடி. 2015-ல் இது தெரியவந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

சாயப்பட்டறையில் 30 வருடம் வேலை பார்த்தேன். வயது 53. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கூட வேலை செய்த ஒருவருக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் என்கிறார்கள். நான் என்ன செய்வது? நொய்யல் ஆற்றுத் தண்ணீராலும் இது வருமா?
*வாசகர், திருப்பூர்*

சாயத்துக்கும் மூத்திரப்பைக்கும் உள்ள தொடர்பு பழையது. 1895-ல் ஜெர்மனியில் ரேன் என்ற அறுவை மருத்துவர், அனிலின் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு இந்தப் புற்றுநோய் வருவதைக் கவனித்துச் சொன்னார். பென்சிடின் போன்ற பொருட்கள் காரணம் என்பது பின்னால் உறுதியானது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போன ரசாயனத்தைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்புகிறது. அது மணிக்கணக்கில் தங்கும் இடம் மூத்திரப்பை. அதன் உட்சுவர்தான் அடி வாங்குகிறது.

பென்சிடின் வகைச் சாயங்கள் இந்தியாவில் 1990களில் தடை செய்யப்பட்டன. ஜெர்மனியும் 1994-ல் தடை கொண்டுவந்ததால், ஏற்றுமதிக்குத் தைக்கும் நம் கம்பெனிகள் சாயத்துக்குச் சான்று காட்ட வேண்டி வந்தது. அதனால் இன்றைய சாயம் அன்றைய சாயம் இல்லை. ஆனால் நீங்கள் பட்டறைக்குப் போன முதல் வருடங்களில் வெறும் கையால் எதைக் கலக்கினீர்கள் என்று யாருக்குத் தெரியும்? இந்த நோய் தலைகாட்ட 20 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே வேலையை விட்ட பிறகும் கவனம் வேண்டும்.

சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனால், ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் போங்கள். "சூட்டுக்குப் போகுது, இளநீர் குடிச்சாச் சரியாப் போயிரும்" என்று பலரும் மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். இளநீர் குடித்த இரண்டாம் நாள் ரத்தம் நிற்கவும் செய்யும், அதுதான் ஏமாற்றுவது. சாயப்பட்டறையில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள், அவர் கேட்காமல் போகலாம். பீடி சிகரெட் உண்டென்றால் இன்றே விடுங்கள். புகைப்பவருக்கு இதே மூத்திரப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது மூன்று மடங்கு. இப்போது பட்டறையில் இருக்கும் இளைஞர்களுக்கு: கையுறை இல்லாமல் சாயப்பொடியைத் தொடாதீர்கள், கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள், வேலைத் துணியோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

நொய்யலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியதும், 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்த கதை. அந்த உப்புநீர் கிணறுகளையும் காடு தோட்டத்தையும் கெடுத்தது உறுதி. ஒரு தனிமனிதருக்கு வந்த புற்றுநோயைக் காட்டி "இது நொய்யல் தண்ணீரால் வந்தது" என்று சொல்ல எந்த மருத்துவச் சோதனையும் கிடையாது. கரையோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதற்கு அந்த உறுதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் அப்பாரு (தாத்தா) 92 வயது வரை பீடி குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு 61. இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது?
*வாசகர், காங்கேயம்*

உங்கள் அப்பாரு உயிரோடு இருந்ததால் உங்களுக்குத் தெரிந்தார். அவரோடு திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்த எத்தனை பேர் 60-க்குள் நெஞ்சுவலியிலும் இளைப்பிலும் போனார்கள் என்று ஊரில் மூத்தவர்களைக் கேளுங்கள். சிலருக்கு உடம்பின் பழுதுபார்க்கும் திறன் பிறவியிலேயே நன்றாக இருக்கும். அது பேரனுக்கும் வந்திருக்கும் என்று உயிரைப் பணயம் வைக்க முடியாது.

இங்கிலாந்தில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 60 வயதில் புகையை விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் கூடியது. 50-ல் விட்டவர்களுக்கு 6, 40-ல் விட்டவர்களுக்கு 9, 30-ல் விட்டவர்களுக்கு 10. மூன்று ஆண்டு என்றால் பேத்தி கல்யாணமாக இருக்கலாம்.

பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு போயிலை போட ஆரம்பிக்காதீர்கள். போயிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது 2004-லேயே உலக அளவில் உறுதியாகிவிட்டது. வாய் முழுதாகத் திறக்க வரவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது பாக்கு வேலையைத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். சொந்தத்தில் கட்டியதால் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் என்கிறார்களே?
*வாசகி, பொள்ளாச்சி*

பெரும்பாலும் இல்லை. பரம்பரைப் புற்றுநோய்களில் முக்கியமானவை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பிழை வந்தாலே வருபவை. அதற்குச் சொந்தம், அசல் என்ற வித்தியாசம் கிடையாது. ஃபான்கோனி ரத்தசோகை போன்ற சில அரிய நோய்களுக்குத்தான் இரண்டு பக்கமிருந்தும் ஒரே பிழை வர வேண்டும். சொந்தத்தில் கட்டினால் அதற்கு வாய்ப்பு கூடும், அவற்றில் ரத்தப் புற்றுநோயும் வரலாம். குடும்பத்தில் அப்படிக் குழந்தைகள் இருந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

தினமும் மஞ்சள் பால் குடித்தால் புற்றுநோய் வராதா?
*வாசகர், ஈரோடு*

மஞ்சள் மண்டி ஊர்க்காரர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல்களைத் தடுக்கிறது. வாய் வழியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேருவது மிகக் கொஞ்சம். மனிதர்களுக்குப் புற்றுநோயைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. குழம்பிலும் ரசத்திலும் தாராளமாகப் போடுங்கள், விரலி வாங்கி அரைத்துக்கொண்டால் கலப்படத்தைத் தவிர்க்கலாம். மாத்திரையாக வரும் குர்குமின் வேண்டாம், சிலருக்கு ஈரலைப் பாதித்திருக்கிறது. கீமோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே? (பல்லடம்) செல்போன் டவர் வீட்டருகே இருக்கிறது, ஆபத்தா? (அவிநாசி)

கோழி 40 நாளில் வளர்வது இனப்பெருக்கத் தேர்வாலும் தீவனத்தாலும். பண்ணையில் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஊசி போட்டுக் கட்டுப்படியாகாது. எண்ணெயில் கருகப் பொரிப்பதைக் குறையுங்கள், போதும். டவர் அலைக்கு டி.என்.ஏ.வை உடைக்கும் சக்தி கிடையாது.

என் மகனுக்கு 4 வயதில் ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கி 3 மாதம் ஆகிறது. மாசமாக இருந்தபோது நான் கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று மாமியார் சொல்கிறார். நான் ஏதாவது தப்பு செய்தேனா?
*வாசகி, பெருந்துறை*

இல்லை அம்மா. கிரகணத்தாலும் இல்லை, நீங்கள் சாப்பிட்டதாலும் இல்லை. மேலே சொன்ன தையல் தப்பு, வேகமாக வளரும் குழந்தையின் ரத்த செல்களில் தற்செயலாக விழுந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்று போலத்தான் பிறவி மரபணுவோடு தொடர்புள்ளவை. அதிலும் கொடுத்தவர் மேல் குற்றம் கிடையாது, யாரும் மரபணுவைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை. இந்தப் பத்தியை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த வயதில் அதிகம் வரும் லிம்போ வகை ரத்தப் புற்றுநோய் என்றால், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் 100 குழந்தைகளில் 90 பேர் வரை குணமாகிறார்கள். சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் நீளும். முதல் சில மாதங்களில் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்ததும் "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிடுவதால் நம் பக்கம் பல குழந்தைகளை இழக்கிறோம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பஸ்சுக்குப் பணம் இல்லையென்றால் வார்டில் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒரு தவணை கூடத் தவறக் கூடாது.

எனக்கு 52 வயது. ஒரு தொந்தரவும் இல்லை. ஆனாலும் வந்து பரிசோதனை செய்யச் சொல்லி நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். நோவு இல்லாதபோது எதற்கு?
*வாசகி, சென்னிமலை*

நோவு இல்லாதபோது பார்ப்பதற்குத்தான் அந்தப் பரிசோதனை. 2023-ல் தமிழக அரசு இதை முதலில் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் உங்கள் ஈரோடும் ஒன்று. வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றையும் பார்க்கிறார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்ற கிருமி. அது தொற்றிப் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 10, 15 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் புற்றுநோயே வராமல் தடுத்துவிடலாம். வயதோடு கூடும் நோய்களில் இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுப்பது வேறு எது?

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே காட்டுங்கள். உடம்பு பருமனானவர்களுக்கு அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

பேத்திக்கு 9 முதல் 14 வயதுக்குள் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். நம் நாட்டில் தயாரான ஊசியே 2023 முதல் கிடைக்கிறது. உங்களுக்கான பரிசோதனை சில நிமிடம்தான், வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. பரிசோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் வரும் நர்சிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மருமகளுக்கு 30 தாண்டியிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.