வயிறு நிறைந்த பிறகும் பசி ஏன் அடங்குவதில்லை?

கேள்வி: எனக்கு வயது 36. சென்ற ஆண்டு சாப்பாட்டைக் கடுமையாகக் குறைத்து, ஐந்து மாதத்தில் 84 கிலோவிலிருந்து 72க்கு வந்தேன். இப்போது மறுபடியும் 80. பசி முன்பைவிட அதிகம். வயிறு நிறையச் சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, இனிப்பைத் தேடுகிறேன். இரவில் இன்னும் மோசம். சர்க்கரை, தைராய்டு இரண்டும் சரியாக இருக்கின்றன. வீட்டில் 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்கிறார்கள். மூளையில் ரசாயனச் சமநிலை கெட்டால் இப்படி ஆகும் என்று படித்தேன். செரட்டோனின், லெப்டின் பரிசோதனை செய்துகொள்ளலாமா? பசியைக் குறைக்கும் ஊசி எனக்குச் சரிப்படுமா?

மருத்துவர் பதில்:

முதலில் பரிசோதனை விஷயத்தை முடித்துவிடுகிறேன், செலவாவது மிஞ்சும். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். செரட்டோனின் என்பது நரம்பணுக்கள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். உடலில் உள்ள செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் இருக்கிறது. அது ரத்தத்தின் வழியாக மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் செரட்டோனினை அளந்து மூளையைப் பற்றிச் சொல்வது, பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்து நம் வீட்டு மின்கட்டணத்தைக் கணக்குப் போடுவது மாதிரி. கொழுப்பு அணுக்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனின் அளவோ, உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் காட்டும். அதற்கு எடை பார்க்கும் கருவியே போதும்.

அடுத்து, 'சமநிலை கெட்டுவிட்டது' என்ற பேச்சு. 84, 72, 80 என்று நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதுதான் உங்கள் தொல்லை.

மூளையின் அடியில் பாதாம்பருப்பு அளவில் ஹைபோதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. நான் படித்த காலத்தில் அதை இரண்டு சுவிட்சுகளாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: பசி மையம், நிறைவு மையம். 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளில் அதன் நடுப்பகுதியைச் சிதைத்தபோது அவை அளவுக்கு மீறிக் கொழுத்தன. 1951இல் ஆனந்தும் புரோபெக்கும் பக்கவாட்டுப் பகுதியைச் சிதைத்தபோது, எதிரே உணவு இருந்தும் எலிகள் சாப்பிடாமல் கிடந்தன. தேர்வில் எழுத வசதியான படம்தான். ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

ஹைபோதலாமஸின் அடியில் இரண்டு வகை நரம்பணுக்கள் அருகருகே இருக்கின்றன. ஒரு வகை ஏஜிஆர்பி என்ற பொருளைச் சுரக்கிறது. இவற்றைப் பசி அணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு வகைக்குப் பிஓஎம்சி அணுக்கள் என்று பெயர்; இவை நிறைவு அணுக்கள். இரண்டும் சண்டை போடுவது ஒரே பூட்டுக்காக. அந்தப் பூட்டின் பெயர் மெலனோகார்ட்டின்-4 ஏற்பி. நிறைவு அணுக்கள் சுரக்கும் பொருள் சாவியாக நுழைந்து பூட்டைத் திறந்தால் 'போதும்' என்ற உணர்வு வரும். பசி அணுக்கள் அந்தச் சாவித்துவாரத்தை அடைத்துவிடும். ஒற்றை மரபணுக் கோளாறால் வரும் கடுமையான உடற்பருமனில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்தப் பூட்டிலேயே உள்ள பழுதுதான்.

2011இல் சுண்டெலிகளின் பசி அணுக்களை மட்டும் ஒளியைச் செலுத்தித் தூண்டிப் பார்த்தார்கள். நன்றாகத் தின்றுவிட்டுக் கிடந்த எலிகள் சில நிமிடங்களில் எழுந்து போய் அசுரப் பசியோடு தின்ன ஆரம்பித்தன. இந்த அணுக்கள் விழித்திருக்கும்போது நெடுநாள் வலி மட்டுப்படுகிறது, பயம் குறைகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. 'பசி வந்தால் பத்தும் பறக்கும்' என்று நம்மவர்கள் சொன்னதற்கு நரம்பணு அளவில் ஆதாரம் கிடைத்தது மாதிரி. இன்னொரு வேடிக்கை: உணவைக் கண்ணால் கண்டதுமே, ஒரு வாய் உள்ளே போவதற்கு முன்பே, இந்த அணுக்கள் அடங்க ஆரம்பித்துவிடுகின்றன. சாப்பிடாமல் விட்டால் சில நிமிடங்களில் மறுபடி கிளம்பிவிடும்.

சரி, இந்த அணுக்களுக்கு யார் சேதி சொல்கிறார்கள்? வெறும் வயிறு கிரெலின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழு கண்டுபிடித்தது. அது 'சாப்பிடு' என்கிற குரல். சாப்பிட்டதும் குடல் சுரக்கும் சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய ஹார்மோன்கள், குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாகவும் ரத்தம் வழியாகவும் 'போதும்' என்கின்றன. இவை எல்லாம் அந்தந்த வேளைச் சமாசாரம். உங்கள் கதைக்கு முக்கியமானது நாள்கணக்கு, மாதக்கணக்கு பார்க்கிற லெப்டின்.

அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் பிறவியிலேயே அடங்காப் பசியோடு பருத்துப்போகும் சுண்டெலி இனம் ஒன்று இருந்தது. டக்ளஸ் கோல்மன் அந்த எலியையும் சாதாரண எலியையும் ரத்தம் கலக்கும்படி ஒட்டித் தைத்தார். பருத்த எலி சாப்பாட்டைக் குறைத்து மெலிந்தது. அப்படியானால் சாதாரண எலியின் ரத்தத்தில் ஏதோ இருக்கிறது. அந்த 'ஏதோ' என்ன என்பது 1994இல்தான் தெரிந்தது. ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு மரபணுவைக் கண்டுபிடித்து, மெலிவு என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தது. கொழுப்பு அணுக்களே சுரக்கும் ஹார்மோன் அது. லெப்டின் பிறவியிலேயே இல்லாத 9 வயதுச் சிறுமி ஒருத்தி 94 கிலோ இருந்தாள். ஊசியாக அதைக் கொடுத்ததும் பசி அடங்கி, ஓராண்டில் 16 கிலோ குறைந்தாள். உடற்பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று உலகமே நினைத்தது.

கிடைக்கவில்லை. பருமனாக இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மேலும் கொடுத்தால் மூளை அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் அது குறையும்போது மட்டும் மூளை உடனே கவனிக்கிறது. அதாவது லெப்டின் 'கூடிவிட்டது' என்று தடுக்கிற பிரேக்கைவிட, 'குறைகிறது' என்று அலறுகிற மணி. பஞ்சத்தில் செத்துப்போகாமல் இருப்பதற்காக அமைந்த ஏற்பாடு அது.

இப்போது உங்கள் 12 கிலோவுக்கு வருவோம். 2011இல் ஆஸ்திரேலியாவில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தார்கள், கிட்டத்தட்ட உங்களைப் போல. லெப்டின் சரிந்தது, கிரெலின் ஏறியது, பசி கூடியது. ஓராண்டு கழித்து மறுபடி பார்த்தபோதும் அந்த மாற்றங்கள் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. எடையோ ஏற ஆரம்பித்திருந்தது. 2016இல் வந்த இன்னொரு கணக்கு, குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவு ஏறுகிறது என்றது. அதே ஒரு கிலோவுக்கு உடல் எரிக்கும் ஆற்றலும் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. சராசரிக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் 12ஆல் பெருக்கிப் பாருங்கள். 72 கிலோவில் நின்றபோது நீங்கள் ஒவ்வொரு நாளும் எதை எதிர்த்து நின்றீர்கள் என்பது புரியும். வாயைக் கட்டச் சொல்கிற வீட்டாருக்கும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டலாம்.

வயிறு நிறைந்த பிறகு வரும் இனிப்பு ஆசை வேறு சங்கதி. அது பசியே அல்ல, நாட்டம். இங்கே ஆட்சி டோபமின் என்ற மூளை ரசாயனத்தினுடையது. டோபமின் தயாரிக்க முடியாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகள் உணவைத் தேடிப் போவதில்லை. அப்படியே விட்டால் பட்டினியில் இறந்துவிடும். ஆனால் டோபமின் வற்றிய எலிகளின் நாக்கில் இனிப்பை வைத்தால், ரசிக்கும் முகபாவம் அப்படியே இருக்கிறது. வேண்டும் என்பது ஒன்று, பிடிக்கும் என்பது வேறொன்று. மூளையில் இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. பாதி பாக்கெட் தீர்ந்த பிறகு 'இது அப்படியொன்றும் ருசியாக இல்லையே' என்று நினைத்துக்கொண்டே மீதியையும் தின்று முடிப்பது இதனால்தான். நானும் செய்திருக்கிறேன், இரவுப் பணியில்.

2025இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் இதில் ஒரு புது முடிச்சை அவிழ்த்தார்கள். மேலே சொன்ன நிறைவு அணுக்கள் இருக்கின்றன அல்லவா, 'போதும்' என்று சொல்பவை? அவையே, வயிறு நிறைந்த எலியின் முன் சர்க்கரை வந்தால், பீட்டா-எண்டார்பின் என்ற இன்ப ரசாயனத்தையும் வெளியிட்டு 'இதை மட்டும் தின்னலாம்' என்கின்றன. சாப்பாட்டுக்கு இடமில்லாத வயிற்றில் இனிப்புக்கு இடம் கிடைப்பது அப்படித்தான். அந்த ரசாயனம் எலிகளில் வேலை செய்யும் பகுதி மனித மூளையிலும் சர்க்கரைக் கரைசலுக்கு எதிர்வினை காட்டியது.

இந்த ரசாயனங்களை மருந்தால் திருகிப் பார்த்ததில் நமக்குப் பழைய காயங்கள் உண்டு. செரட்டோனினைக் கூட்டிப் பசியைக் குறைத்த ஃபென்ஃபுளூரமின் இதய வால்வுகளைப் பாதித்ததால், எடை மருந்தாக 1997இல் திரும்பப் பெறப்பட்டது. கஞ்சா அடித்தால் வரும் பசியைத் தலைகீழாக்கும் எண்ணத்தில் வந்த ரிமோனபன்ட், 2006இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்று, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் 2008இல் விற்பனை நிறுத்தப்பட்டது. பசிக்கென்று மட்டும் வேலை செய்யும் ரசாயனம் மூளையில் இல்லை. ஒரே ஆள் நாலு வேலை பார்க்கிறார்.

நீங்கள் கேட்ட ஊசி ஜிஎல்பி-1 வகை. உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போலவே செயல்படும் செமாக்ளூடைட் என்ற ஊசி மருந்து சுமார் ஒரு வாரம் தாக்குப்பிடித்து, பின்மூளையிலும் ஹைபோதலாமஸிலும் வேலை செய்கிறது. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஏன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். நல்ல மருந்து என்பதுதான் என் கருத்து. ஆனால் ஒரு விசேஷத்துக்கு முன் இளைக்க மூன்று மாதம் போட்டுக்கொள்கிற மருந்து அல்ல. கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ, குழந்தை பெறும் திட்டம் இருந்தாலோ முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஊசிக்கு முன் நான் கேட்பது தூக்கத்தைப் பற்றி. 2004இல் 12 இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது, இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களில் ஆசை கூடியது. இரவில் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? அடுத்தது, இத்தனை கிலோ இத்தனை மாதம் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். இப்போதைக்கு 80 கிலோவில் மூன்று, நான்கு மாதம் நிற்பதே இலக்காக இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் புரதமும் நார்ச்சத்தும் இருக்கட்டும். பகலில் பட்டினி கிடந்தால் இரவில் ஈடுகட்டச் சொல்லும் மூளை. ஆலையில் பக்குவப்படுத்திப் பொட்டலத்தில் வரும் உணவைக் கொடுத்தால் ஆட்கள் தம்மை அறியாமல் தினம் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டதை 2019இல் 20 பேரிடம் அளந்து காட்டியிருக்கிறார்கள். நாட்டத்தை மனஉறுதியால் வெல்வதைவிட, அந்தப் பண்டம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்வது சுலபம்.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தப் பதிலோடு நிற்காமல் நேரில் மருத்துவரைப் பாருங்கள்: வாரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்த முடியாமல், மறைந்து, பெரிய அளவில் சாப்பிடுவது, சாப்பிட்டதை வாந்தியெடுத்து வெளியேற்றுவது, தூக்கத்தில் எழுந்து சாப்பிடுவது, பசி கூடிக்கொண்டே போக எடை மட்டும் குறைவது. முதல் மூன்றும் உணவுப் பழக்கக் கோளாறுகளாக இருக்கலாம், நல்ல சிகிச்சை உண்டு. கடைசியில் சொன்னதற்குச் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

உங்கள் உயரத்தையும், வேறு மாத்திரைகள் எடுக்கிறீர்களா என்பதையும் எழுதவில்லை. ஸ்டீராய்டு, ஒலான்சபின், மிர்டாசபின், வால்புரோயேட் போன்றவை பசியைக் கிளப்பும். அப்படி எதுவும் இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரைச் சீட்டின் படத்தோடு, படுக்கும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்; ஊசியைப் பற்றி அப்போது முடிவு செய்யலாம்.