இரட்டைப் பார்வைக்கு முப்பட்டகக் கண்ணாடி எவ்வாறு உதவுகிறது?

மூக்குக்கண்ணாடியில் முப்பட்டகம், அதாவது பிரிசம், சேர்க்கப்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான பவர் மங்கலைப் போக்குகிறது. முப்பட்டகம் ஒளி வரும் திசையை மட்டுமே மாற்றுகிறது.

ஒரு பொருளின் பிம்பம் இரண்டு விழித்திரைகளிலும் மிகக் கூர்மையான பார்வை தரும் இடமான மையக்குழியில் விழுந்தால்தான் மூளை அவற்றை இயல்பாக ஒன்றாக இணைக்கும். ஒரு கண் சற்றே வெளிப்புறம் விலகியிருந்தால், பொருள் இரண்டாகத் தெரியலாம். அல்லது, பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான், இரண்டையும் இணைத்துப் பிடிக்கக் கண் தசைகள் ஓயாமல் முயல்வதால் வாசிக்கும்போது தலைவலியும் சோர்வும் வரலாம். முப்பட்டகம் ஒளியைத் தன் தடித்த அடிப்பக்கம் நோக்கி வளைப்பதால், அந்த அடிப்பக்கம் மூக்கின் பக்கம் இருக்குமாறு பொருத்தினால், விலகிய கண்ணின் மையக்குழியிலேயே ஒளி வந்து சேர்கிறது. கண் உட்புறம் திரும்பியிருந்தால் அடிப்பக்கம் காதின் பக்கம் வரும்.

ஒளியை 1 மீட்டர் தொலைவில் 1 சென்டிமீட்டர் விலக்கும் திறனே 1 முப்பட்டக டயாப்டர். 6 தேவைப்பட்டால், லென்ஸ் தடிமனாகாதிருக்க, பெரும்பாலும் ஒவ்வொரு கண்ணுக்கும் 3 எனப் பிரித்துவிடுவார்கள். சாதாரண லென்ஸும் அதன் மையம் கண்மணிக்கு நேராக அமையாவிட்டால் முப்பட்டகமாகிவிடும்: 4 டயாப்டர் பவர் கொண்ட லென்ஸ் 5 மில்லிமீட்டர் விலகினாலே 2 முப்பட்டக டயாப்டர் உருவாகும். ஆகவே கண்மணிகளின் இடைவெளியைத் துல்லியமாக அளப்பது மிக முக்கியம்.

விலகல் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், லென்ஸின் மேல் ஒட்டக்கூடிய மெல்லிய ஃபிரெனல் முப்பட்டகத் தகடு பயன்படுகிறது. அது பார்வைத் தெளிவைச் சற்றுக் குறைக்கும். முப்பட்டகம் கண்ணின் விலகலைக் குணப்படுத்துவதில்லை, ஈடுசெய்கிறது. திடீரெனத் தோன்றும் இரட்டைப் பார்வைக்கு நரம்புக் கோளாறும் காரணமாகலாம் என்பதால், கண்ணாடி மாற்றும் முன் உடனே மருத்துவரைக் காணுங்கள்.