எலாஸ்டிக்சர்ச்சில் ஒரு கோடிப் பதிவுகளை வேகமாக ஏற்றுவது எப்படி?

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளுக்குப் பைதான் ஸ்கிரிப்ட்டில் ஒவ்வொரு பதிவாக அனுப்புகிறேன், விடிய விடிய ஓடியும் முடியவில்லை, பெரிய சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில், பல பதிவுகளை ஒரே கோரிக்கையில் அனுப்பும் பல்க் ஏபிஐக்கு மாறுங்கள். ஒரு தடவைக்கு எத்தனை பதிவு என்று கணக்குப் பார்ப்பதைவிட எத்தனை எம்பி என்று பாருங்கள். 5 எம்பியில் தொடங்கி, வேகம் கூடிக்கொண்டிருக்கும்வரை அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். பெரும்பாலும் 15 எம்பிக்குள்ளேயே நின்றுவிடும். எலாஸ்டிக்சர்ச்சின் பைதான் லைப்ரரியில், ஒரே நேரத்தில் பல பல்க் கோரிக்கைகளை அனுப்பும் பேரலல் பல்க் என்று ஒன்று உண்டு. அது ஜெனரேட்டர், அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன் என்பதால் லூப்பில் ஓடவிட்டால்தான் வேலை செய்யும். சும்மா கூப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒரு பதிவும் போகாது, எரரும் வராது!

நேரம் போகும் இன்னொரு இடமும் உண்டு. எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடியில் இருப்பது லூசீன் என்ற தேடல் லைப்ரரி. புதுப் பதிவுகள் முதலில் மெமரியில் சேரும். ரெஃப்ரெஷ் நடக்கும்போதுதான் அவை ஒரு செக்மென்டாக, அதாவது தனித் துண்டாக மாறித் தேடலில் கிடைக்கும். இது இயல்பாக 1 நொடிக்கு ஒருமுறை. இன்டர்வலை நீங்களே அமைக்காமல், 30 நொடியாக யாரும் தேடாமலும் இருந்தால் மட்டும் புதிய பதிப்புகளில் இது நின்றிருக்கும். நொடிக்கொருமுறை நடந்தால், ஏற்றி முடிப்பதற்குள் குட்டிக் குட்டிச் செக்மென்ட்கள் குவிகின்றன. பின்னணியில் அவற்றை ஒன்றுசேர்க்கும் வேலை தனியாக ஓடுகிறது. அதே டேட்டா டிஸ்க்கில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கும் இண்டெக்ஸுக்கு (பதிவுகளின் தொகுப்புக்கு) இது எதற்கு? ரெஃப்ரெஷ் இன்டர்வலை -1 ஆக்கி, தானாக நடப்பதை நிறுத்திவிடுங்கள்.

ரெப்ளிகாவையும், அதாவது வேறு நோடில் (சர்வரில்) இருக்கும் நகல்களின் எண்ணிக்கையையும் 0 ஆக்குங்கள். ரெப்ளிகா இருந்தால் அங்கேயும் ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து இண்டெக்ஸ் செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் சேர்த்தால் முடிந்த ஃபைல்கள் அப்படியே காப்பி ஆகும். ஆனால் இடையில் ஒரு நோடு போனால் அதிலிருந்த டேட்டாவும் போச்சு. மூலப் பிரதி வேறெங்காவது பத்திரமாக இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இவை எல்லாமே புது இண்டெக்ஸில்தான். மக்கள் தேடிக்கொண்டிருக்கும் இண்டெக்ஸில் கை வைக்காதீர்கள்.

ஐடியை எலாஸ்டிக்சர்ச்சே போட்டுக்கொள்ளட்டும் என்று பலர் சொல்வார்கள். வேகம் கூடும் என்பது சரிதான், ஏற்கெனவே அந்த ஐடி இருக்கிறதா என்று தேடும் வேலை மிச்சம். ஆனால் பாதியில் நின்ற ஸ்கிரிப்ட்டை மறுபடி ஓட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும். நான் சொந்த ஐடிதான் கொடுப்பேன், கொஞ்சம் மெதுவானாலும் பரவாயில்லை.

எந்த ஃபீல்டு என்ன வகை என்று சொல்லும் மேப்பிங்கை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். விட்டால் பெரும்பாலான ஸ்ட்ரிங்கை, சொல் சொல்லாகத் தேட டெக்ஸ்ட், முழுசாக ஒப்பிடக் கீவேர்ட் என்று இரண்டாக இண்டெக்ஸ் செய்யும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று: பல்க் கோரிக்கைக்கு 200 என்று பதில் வந்தாலும் உள்ளே சில பதிவுகள் தோற்றிருக்கலாம். பதிலில் 'எரர்ஸ்' ட்ரூவா என்று பார்த்து, ஒவ்வொன்றின் ஸ்டேட்டஸையும் பாருங்கள். 429 என்றால் சர்வருக்கு மூச்சு முட்டுகிறது. காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு முறையும் இரட்டித்து, தோற்றவற்றை மட்டும் திரும்ப அனுப்புங்கள். பேரலல் பல்க் இதைத் தானாகச் செய்யாது. அதே லைப்ரரியின் ஸ்ட்ரீமிங் பல்க்கில், எத்தனை முறை மறுபடி முயல வேண்டும் என்று மேக்ஸ் ரீட்ரைஸ் கொடுத்தால் செய்யும். 400 என்றால் பெரும்பாலும் மேப்பிங்கோடு ஒத்துப்போகாத பதிவு. எத்தனை தடவை அனுப்பினாலும் ஏறாது, தனி ஃபைலில் எழுதிவையுங்கள்.

ஏற்றி முடிந்ததும் ரெஃப்ரெஷையும் ரெப்ளிகாவையும் பழையபடி வையுங்கள். ஒருமுறை கையால் ரெஃப்ரெஷ் செய்து, எண்ணிக்கையை மூல டேட்டாபேஸோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால், தேடல் பயன்படுத்தும் மாற்றுப்பெயரான அலையஸைப் புது இண்டெக்ஸுக்கு மாற்றுங்கள். பழையதைச் சில நாள் அழிக்காமல் வைத்திருங்கள்.