ஸ்கேன் பண்ணும் சீனாவில் புது நோட்டு எதற்கு?

(இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றி. அதனால் மற்றவை அடுத்த வாரம்.)

சீனாவில் பிச்சை எடுப்பவர்கூட கழுத்தில் க்யூஆர் அட்டை மாட்டியிருக்கிறார் என்று என் மருமகன் அடித்துச் சொல்கிறார். அப்படிப்பட்ட ஊரில் வேலை மெனக்கெட்டுப் புது நோட்டு ஏன் அடிக்கிறார்கள்?
(ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வில்லிவாக்கம்)

மருமகன் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம், ஆனால் அங்கே காய்கறிக்காரர் வரை எல்லோரும் அலிபே, வீசாட் பே என்று போன் ஆப்களுக்கு மாறிவிட்டது உண்மைதான். அப்படியிருந்தும் 2019 ஆகஸ்ட் 30 அன்று சீன மக்கள் வங்கி (அவர்களுடைய ரிசர்வ் வங்கி) 50, 20, 10, 1 யுவான் நோட்டுகளைப் புது வடிவில் வெளியிட்டது. விட்டுப்போன 5 யுவான் 2020 நவம்பரில் வந்தது. 100 யுவானை 2015-லேயே மாற்றிவிட்டார்கள். சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் எண், இன்னும் பளிச்சென்ற அச்சு, கள்ளநோட்டுக்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் தலைவலி, அவ்வளவுதான். பழைய நோட்டும் செல்லும். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணியைப் பார்த்த நமக்குத்தான் 'புது நோட்டு' என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

இதில் இருக்கும் அரசியல் வேறு. 2018 ஜூலையிலேயே அந்த வங்கி, யுவான் நோட்டை வாங்க மறுப்பது சட்டவிரோதம் என்று அறிவித்தது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020 நவம்பரில் ஹூபேய் மாகாணத்தில் ஒரு வயதான அம்மா மழையில் நனைந்துகொண்டு மருத்துவக் காப்பீட்டுப் பணம் கட்டப் போக, 'கையில் பணம் வாங்குவதில்லை, சொந்தக்காரரிடம் சொல்லுங்கள், இல்லை நீங்களே போனில் கட்டுங்கள்' என்று சொல்லும் வீடியோ நாடு முழுக்கப் பரவி, கவுன்ட்டர்காரர்கள் மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. அதன் பிறகுதான் பணம் வாங்க மறுத்த கடை, பார்க்கிங், இன்ஷூரன்ஸ் கம்பெனி என்று வரிசையாக அபராதம் போட்டு, பட்டியலையும் வெளியிட்டார்கள்.

கிழவிகள் மேல் பாசம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. ஒரு நாட்டின் சில்லறைப் பணம் முழுக்க இரண்டு தனியார் கம்பெனிகளின் ஆப்பில் ஓடினால் அரசாங்கத்துக்குத் தூக்கம் வருமா? அலிபேயின் தாய் நிறுவனமான ஆன்ட், 3,400 கோடி டாலருக்கு மேல் திரட்டும் பங்கு வெளியீட்டுக்குத் தயாராக இருந்தபோது, கடைசி நிமிஷத்தில் அதை நிறுத்தினார்களே, அதுவும் இதே 2020 நவம்பர்தான்.

நம் நோட்டில் காந்தி மாதிரி அங்கே எல்லா நோட்டிலும் மாவோவா?
(கல்லூரி மாணவி, தாம்பரம்)

1999-ல் தொடங்கிய ஐந்தாம் வரிசையிலிருந்து எல்லா நோட்டிலும் அவர்தான். அதற்கு முந்தைய வரிசையின் 100 யுவானில் மாவோவோடு சூ என்லாய், லியு ஷாவ்ச்சி, சூ டே மூவரும் இருந்தார்கள். லியு ஷாவ்ச்சி யார் தெரியுமா, கலாசாரப் புரட்சியில் மாவோ ஆட்களால் துரத்தப்பட்டுக் காவலிலேயே செத்துப்போன ஜனாதிபதி! இரண்டு பேரையும் ஒரே நோட்டில் அச்சடித்தார்கள். பின்பக்கத்தையும் பாருங்கள்: 50 யுவானில் லாசாவின் பொட்டாலா அரண்மனை, திபெத் யாருடையது என்று ஒவ்வொரு முறை சில்லறை மாற்றும்போதும் ஞாபகப்படுத்த.

டிஜிட்டல் யுவான், ஜிபே, இரண்டும் ஒன்றுதானே?
(ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)

இல்லை. ஜிபே உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும் தரகர். டிஜிட்டல் யுவான் மத்திய வங்கியே வெளியிடும் பணமாகத் தொடங்கியது, நோட்டுக்கு இருக்கும் அதே அந்தஸ்தோடு. நம் டிஜிட்டல் ரூபாயும் அந்த ரகம்தான், 2022 டிசம்பர் 1-ல் பொதுமக்களிடம் சோதனை ஆரம்பித்தார்கள், முதல் நாலு ஊரில் சென்னை இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 2020 அக்டோபரில் ஷென்ஜென் நகரில் குலுக்கல் போட்டு 50,000 பேருக்கு ஆளுக்கு 200 யுவான் டிஜிட்டலாகக் கொடுத்தார்கள், ஒரு வாரத்துக்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பப் போய்விடும். இலவசமாகக் கொடுத்ததுதான், யாரும் குறை சொல்லவில்லை. இருந்தாலும், காலாவதி தேதி போட்ட பணம் என்று ஒன்று சாத்தியம் என்று தெரிந்துவிட்டது இல்லையா?

வீட்டில் ரொக்கம் வைத்திருந்தால் என் பையன் 'எந்தக் காலத்தில் இருக்கீங்க' என்று கேலி செய்கிறான். நீங்கள் யார் பக்கம்?
(இல்லத்தரசி, வேளச்சேரி)

வேளச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா அம்மா! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பக்கமும் பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமும் கரண்ட் இல்லை, டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பால் பாக்கெட்காரர் எதை ஸ்கேன் பண்ணச் சொல்வார்? அதற்கு முன்னால் 2016 டிசம்பர் 12 வர்தா இன்னும் மோசம், பழைய நோட்டு செல்லாது என்று சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, புது நோட்டு கிடைக்கவில்லை, கிடைக்காதவர்கள் நம்பியிருந்த கார்டு மெஷினும் அன்றைக்குச் செத்துவிட்டது.

மிக்ஜாமுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடையில் டோக்கன் போட்டு ரொக்கமாகத்தான் வந்தது. 'ஏன் வங்கிக் கணக்கில் போடவில்லை' என்று கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான், ரொக்கம் என்றால் வாங்குகிறவர் கண்ணுக்கு யார் கொடுத்தார்கள் என்பது தெரியும், கட்சிக்காரர்களுக்கு அதில் ஆசை இருக்காதா? ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்ததும், சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ், அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று அதில் கைவைக்க, மாநில நிதியமைச்சரே கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. கையில் கொடுத்திருந்தால் இடையில் யாரும் கிள்ளியிருக்க முடியாது. அதனால் நான் உங்கள் பக்கம், ஒரு வாரச் செலவுக்கு நூறும் இருநூறுமாக. ஐந்நூறு ரூபாய்க் கட்டாக வைத்தால் மழை நாளில் சில்லறைக்கு அலைய வேண்டும். பையனிடமும் சண்டை வேண்டாம், மற்ற நாட்களில் அவன் வழி வசதிதான்.

பெங்களூரில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததைப் பார்த்து நானும் கடையில் ஸ்கேனரைக் கழற்றிவிடலாமா?
(மளிகைக் கடைக்காரர், பெரம்பூர்)

2025 ஜூலையில் அங்கே யுபிஐ கணக்கைப் பார்த்துச் சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போனது, பல கடைகளில் 'யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பயம் புரிகிறது. ஆனால் பொருள் மட்டும் விற்கிறவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு என்ற பேச்சே வருகிறது, அந்தக் கணக்கில் கல்லாவில் விழுந்ததும் சேர்த்திதான். ஸ்கேனரைக் கழற்றினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போவார், விற்பனை குறையும், அந்த வழியில் வேண்டுமானால் வரம்புக்குள் வரலாம். ஒரு நல்ல ஆடிட்டருக்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டால் ஓட்டுக்குப் பணம் ஒழியுமா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

உங்கள் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வியா? செல்லாத நோட்டு அறிவிப்பு வந்து ஐந்தே மாதத்தில், 2017 ஏப்ரலில், பணப் பட்டுவாடாவுக்காக ஆர்.கே.நகர் இடைத்தேர்தலையே ரத்து செய்தார்கள். நாமெல்லாம் ஏடிஎம் வாசலில் நின்றது அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். இன்று புழக்கத்தில் இருக்கும் ரொக்கம் அந்த அறிவிப்புக்கு முன் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

பத்து ரூபாய் காயினை எங்கள் தெரு அண்ணாச்சி வாங்க மாட்டேன் என்கிறார். போலீசில் சொல்லலாமா?
(வாசகர், அயனாவரம்)

அப்போது புழக்கத்தில் இருந்த 14 டிசைன்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. அண்ணாச்சியிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவரிடமிருந்து மொத்தக் கடைக்காரர் வாங்க மாட்டார். வங்கிக் கிளையில் கொடுங்கள், அவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும்.