டின் மீனும் நாட்டுத் தக்காளியும்: பாஸ்தா கேள்வி-பதில்

கே: கடலை வாசலில் வைத்துக்கொண்டு டின் மீனில் பாஸ்தாவா? (பாம்பன்)

ப: கேலி புரிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மீன் விலையைக் கேட்டுப் பாருங்கள். நாட்டுப்படகு மீன் வரும், எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. டின் மீன் நமக்கு அந்நியமும் அல்ல. இலங்கையிலிருந்து மண்டபம் வந்தவர்கள் வீட்டில் டின் மீன் குழம்பு சாப்பிட்டவர்கள் சாட்சி. பச்சை மீன் மலிவாகக் கிடைக்கிற நாளில் நானும் குழம்புதான் வைப்பேன்.

கே: மீன் தூள் தூளாகி, கவிச்சி வாடையும் வருகிறது. எங்கே தவறு? (தொண்டி)

ப: தாளித்த கையோடு மீனையும் போட்டுக் கிளறியிருப்பீர்கள். டின்னுக்குள் அடைத்து மூடிய பிறகு, அழுத்தக் கொதிகலனில் 115 பாகை செல்சியஸுக்கும் மேலான சூட்டில் வெந்த மீன் அது. மத்தியின் முள்கூட மெல்லும் அளவுக்கு மெத்தென்று ஆவது அதனால்தான். இனி அதற்குச் சூடேறினால் போதும்.

இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 400 கிராம் தக்காளி, ஒரு சிறிய டின் சூரை அல்லது மத்தி. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் நசுக்கிய நாலு பல் பூண்டை மெதுவாக வதக்குங்கள், சிவந்தால் கசக்கும். தக்காளியை நறுக்கிப் போட்டு, எண்ணெய் பிரிகிற வரை காத்திருக்காமல், குழைந்ததுமே நிறுத்துங்கள். புதுத் தக்காளியின் புளிப்பும் சாறும்தான் இதற்கு உயிர். பெங்களூர்த் தக்காளியைவிட நாட்டுத் தக்காளி நல்லது. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்தாவை எடுத்து இதில் சேர்த்து, வேகவைத்த நீரில் அரை டம்ளர் ஊற்றிப் புரட்டுங்கள். அந்த நீரின் மாவுதான் எண்ணெயையும் சாற்றையும் பிணைக்கிறது. அடுப்பை அணைத்த பிறகு, வடித்த மீனைப் பெரிய துண்டுகளாக மேலே பரப்பி ஒருமுறை மட்டும் புரட்டுங்கள். கடைசியில் எலுமிச்சை பிழிந்தால் வாடை அடங்கும்.

கே: எங்கள் ஊர்த் தண்ணீர் உவர். அதில் பாஸ்தா வேகவைக்கலாமா? (ஏர்வாடி)

ப: காவிரிக் குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்த தண்ணீரையே எடுங்கள். ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது நல்ல தண்ணீருக்கான கணக்கு. உவர்நீர்தான் வழி என்றால் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்பைப் பாதியாக்குங்கள். கடைசியில் ஊற்றும் நீரையும் குறையுங்கள். மீனிலும் உப்பு இருக்கிறது.

கே: மிளகாய்த் தூள், கரம் மசாலா எவ்வளவு? (பரமக்குடி)

ப: இரண்டும் வேண்டாம். குண்டு மிளகாய் விளைகிற ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்துகொண்டு தூளைத் தேடுவானேன்? 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. இரண்டைக் கிள்ளிப் பூண்டோடு எண்ணெயில் போடுங்கள்.

கே: மேலே சீஸ் துருவலாமா? (கீழக்கரை)

ப: மீன் பாஸ்தாவுக்கு இத்தாலியர் பெரும்பாலும் சீஸ் சேர்ப்பதில்லை. சிசிலித் தீவில் மத்தி பாஸ்தாவின்மேல் வறுத்த ரொட்டித்தூளைத் தூவுகிறார்கள். நேற்றைய பன்னை உதிர்த்து எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துப் பாருங்கள், பிள்ளைகள் சீஸைக் கேட்கமாட்டார்கள்.

கே: பாதி டின் மிச்சம். அப்படியே குளிர்ப்பெட்டியில் வைக்கலாமா? (மண்டபம்)

ப: கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மூடி வையுங்கள், இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். மூடி உப்பிய டின்னையோ, திறக்கும்போது சீறிப் பீய்ச்சும் டின்னையோ நாக்கில் வைத்துச் சோதிக்காதீர்கள். பூனைக்கும் போடாதீர்கள்.